அம்மாவின் முழங்காலும் 12,000 அடியும்

கேள்வி: அண்ணா, நான் நியூசிலாந்தில் ஹாமில்டனில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் அம்மா தேனியிலிருந்து வருகிறார். வயது 64, எடை 68 கிலோ, ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர். போன வருடம் என் நண்பன் டௌப்போ ஏரிப் பக்கம் டேண்டம் ஸ்கைடைவிங் (பயிற்சி பெற்ற ஒருவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பது) செய்த வீடியோவை அவருக்கு அனுப்பித் தொலைத்தேன். அன்றிலிருந்து "நானும் குதிக்கணும்" என்று ஒரே பிடிவாதம். அந்த வீடியோவில் வெளியே குதித்ததும் சின்னதாக ஒரு பாராசூட் மட்டும் பின்னால் பறக்கிறது, பெரியது வெகுநேரம் வரவே இல்லை. பார்த்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது அரைகுறையாகத் திறந்ததா? எந்தக் கம்பெனி பாராசூட் நல்லது, கேட்டு வாங்க முடியுமா? அம்மாவுக்கு இடது முழங்காலில் வலி உண்டு, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், கண்ணாடி போடுகிறார். 12,000 அடியா 15,000 அடியா, வீடியோ எடுப்பதா வேண்டாமா என்பதிலெல்லாம் இறங்கிவிட்டார். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பார். அம்மா தன் பங்குக்கு ஒன்று கேட்கச் சொன்னார்: பாதி வழியில் செருப்பு கழன்று கீழே யார் தலையிலாவது விழுந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்:

தம்பி, வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. பி.டி. டீச்சரிடம் முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்துபோனது. மைதானத்தை எட்டுச் சுற்று. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தில் பாராசூட்டைப் பற்றி நாலு வரி, முழங்காலைப் பற்றி அரை வரி. நான் அதைத் திருப்பிப் போட்டுப் பதில் சொல்லப் போகிறேன்.

என் முதல் குதிப்பு ஆக்ராவில், ராணுவப் பயிற்சியில். அது வட்டப் பாராசூட். விமானத்தோடு கட்டிய கயிறே இழுத்துத் திறந்துவிடும், நாம் செய்ய வேண்டியது வாசலைத் தாண்டுவது மட்டும்தான். டேண்டமுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. ஏறக்குறைய 7,000 பேரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குதித்திருக்கிறேன். அதில் 11 முறை பழுதான மெயின் பாராசூட்டை வெட்டிவிட்டு, அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டில் இறங்கியிருக்கிறேன். இந்த எண்ணைக் கேட்டால் பலர் மிரள்கிறார்கள். எனக்கோ அது தெம்பு தருகிற எண். 11 முறையும் இரண்டாவது பாராசூட் வேலை செய்தது என்றுதானே அர்த்தம்.

முதலில் உங்கள் வயிற்றைக் கலக்கிய அந்தச் சின்னப் பாராசூட். அதற்குப் பெயர் ட்ரோக். அது அரைகுறையாகத் திறந்ததும் இல்லை, பழுதும் இல்லை, வேண்டுமென்றே நாங்கள் கையால் எடுத்து வீசுவது. தனியாக வயிறு கீழே பார்க்க விழுகிற ஒருவர் மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தில் நிலைத்துவிடுவார். காற்று அதற்கு மேல் விடாது. இரண்டு பேரை ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக் கட்டினால் எடை இரண்டு மடங்கு ஆகிறது, காற்றில் மோதுகிற பரப்போ கிட்டத்தட்ட ஒருவருடையதுதான். அதனால் வேகம் 300 கிலோமீட்டரை நெருங்கும். அந்த வேகத்தில் பெரிய பாராசூட் திறந்தால் துணி கிழியும், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது. ட்ரோக்கை வீசினால் அது பின்னால் நின்று இழுத்து, இரண்டு பேரையும் ஒற்றை ஆளின் வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். மாட்டுவண்டியில் இறக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுவார்களே, அந்த மாதிரி.

1980களின் முதல் பாதியில் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் பில் பூத், டெட் ஸ்ட்ராங் என்ற இரண்டு பேர்தான் இந்த டேண்டம் முறையை உருவாக்கினார்கள். ஆரம்பத்தில் ட்ரோக் இல்லாமல்தான் குதித்தார்கள். திறக்கும்போது விழுந்த அடியைப் பார்த்துத்தான் ட்ரோக் வந்தது. அமெரிக்க விமானத்துறை 2001 வரை இந்த மொத்த விளையாட்டையும் சோதனை முயற்சி என்ற விலக்கின் கீழ்தான் அனுமதித்து வைத்திருந்தது. அதாவது பதினைந்து வருடத்துக்கு மேல், காசு கொடுத்துக் குதித்த அத்தனை பேரும் காகிதத்தில் சோதனை எலிகள்.

ட்ரோக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. 5,500 அடி வாக்கில் நான் ஒரு பிடியை இழுப்பேன். அதுவரை பிரேக்காக இருந்த ட்ரோக் அங்கிருந்து விடுபட்டு, என் முதுகுப் பையைத் திறந்து மெயின் பாராசூட்டை வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே வீடியோவில் "வெகுநேரம் வரவே இல்லை" என்று நீங்கள் பார்த்த நேரம்தான் உங்கள் நண்பன் காசு கொடுத்த நேரம்.

அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே பயமான இடம் ஒன்று உண்டு. அது ட்ரோக் வீசுவதற்கு முன்னால் வருகிற முதல் ஐந்தாறு நொடி. வாசலில் பயணி பயத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டாலோ, காலை உதைத்துக்கொண்டாலோ இருவரும் பக்கவாட்டில் சாய்ந்து பம்பரமாகச் சுற்ற ஆரம்பிக்கலாம். சுழற்சி கூடக்கூட என் கை என் இடுப்புக்கே எட்டாது. அந்த நிலையில் அவசரப்பட்டு ட்ரோக்கை வீசினால் அதன் நாடா யார் கையிலோ காலிலோ சுற்றிக்கொள்ளும். எனவே முதலில் நேராக வேண்டும், அப்புறம்தான் வீச வேண்டும். இதற்கு அம்மா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கையை நெஞ்சில் வைத்து, தலையைப் பின்னால் என் தோளில் சாய்த்து, இடுப்பை முன்னால் தள்ளி, காலை என் கால்களுக்கு நடுவே பின்னால் மடக்க வேண்டும். வாழைப்பழம் மாதிரி வளைய வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வோம். டீச்சருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்காது.

சரி, பழுதானால்? ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். பயணி ஒரு பள்ளி ஆசிரியை, ஐம்பது வயதிருக்கும். மெயின் திறந்தது, ஆனால் வலது பக்கக் கயிறுகள் ஒன்றோடொன்று முடிச்சாகி, கேனோபியின், அதாவது பாராசூட் துணியின், ஓரம் கசங்கிப்போய், ஒரே பக்கமாகச் சுழன்றது. கயிற்றை உதறிப் பார்த்தேன், பிரேக்கை இழுத்துப் பார்த்தேன். முடிச்சு அசையவில்லை. உயரமானி 4,000 அடி காட்டியது. "காலைத் தூக்கிக்கொள்ளுங்கள், மறுபடியும் கொஞ்சம் விழப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு வலது கைப்பிடியை இழுத்தேன். இரண்டு தோளிலும் உள்ள மூன்று வளைய இணைப்பு கழன்று மெயின் பறந்துபோனது. கழன்றுபோகிற அந்த மெயினே ரிசர்வை இழுத்துத் திறக்கும்படி எங்கள் பையில் ஓர் ஏற்பாடு உண்டு. ஸ்கைஹூக் என்பார்கள். இந்த மூன்று வளையமும் ஸ்கைஹூக்கும்கூடப் பில் பூத்தின் மூளையில் உதித்தவைதான். நான் இடது கைப்பிடியை இழுத்து முடிக்குமுன் ரிசர்வ் தலைக்கு மேல் இருந்தது. இறங்கி நடந்து வரும்போது அந்த அம்மா கேட்டார்: "இரண்டாவது ஏன் வேறு கலர்? எல்லோருக்கும் இரண்டு தருவீர்களா?" அன்று சாயங்காலம் என் கை நடுங்கியது அவருக்குத் தெரியாது.

இதற்கும் மேலே ஒரு காவல் உண்டு. நானும் மயங்கி, பயணியும் ஒன்றும் செய்யத் தெரியாமல் விழுகிறோம் என்று வையுங்கள். பைக்குள் ஒரு சின்னக் கணினி காற்றழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 1,900 அடி உயரத்தில் இன்னமும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைக் கட்டி வைத்திருக்கும் நூல் வளையத்தை உள்ளேயிருக்கும் ஒரு குட்டி வெட்டி அறுத்துவிடும். ஜெர்மனியில் செய்கிற சைப்ரஸ், பெல்ஜியத்தில் செய்கிற விஜில், இரண்டோடும் குதித்திருக்கிறேன். உயரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், குணம் ஒன்றுதான். சைப்ரஸ் 1991-இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் குதித்த பழைய ஆட்களிடம் பேசினால், அது இல்லாமல் போன நண்பர்களின் பெயர்களை விரல்விட்டுச் சொல்வார்கள். டேண்டமில் அது இல்லாமல் யாரும் ஏற்றுவதில்லை. எனக்கு அந்தப் பெட்டி மேல் மரியாதை உண்டு, ஆனால் அது இருக்கிறது என்ற நினைப்போடு ஒரு நாளும் குதித்ததில்லை.

இப்போது கம்பெனி. கேட்டு வாங்க முடியாது தம்பி, அது ஹோட்டலில் தோசை சொல்வது மாதிரி கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் அவர்களிடம் இருப்பதுதான். ஒவ்வொரு டேண்டம் மாஸ்டரும் அந்தந்த வகைப் பைக்குத் தனியாகத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். நான் அதிகம் குதித்தது சிக்மா பையோடு. சில வருடம் ஸ்ட்ராங் பையோடு. சிக்மாவில் கைப்பிடிகள் இருக்கும் இடம் என் கைக்குப் பழகிவிட்டது, அதனால் எனக்கு அது பிடிக்கும். ஸ்ட்ராங்கில் வளர்ந்தவரைக் கேட்டால் தலைகீழாகச் சொல்வார். கேனோபியில் மட்டும் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. நியூசிலாந்துக்காரர்கள் வடிவமைத்த ஐகரஸில் 330 சதுர அடி, 365 சதுர அடி என்று அளவுகள் உண்டு. 330 வேகமானது, இறக்கும்போது நன்றாகத் தூக்கிக் கொடுக்கும், காற்று அடிக்கிற நாளில் முன்னேறிப் போகும். இளவட்டங்கள் அதைத்தான் கேட்பார்கள். வயதானவரை ஏற்றும் நாளில் நான் 365-ஐ எடுப்பேன். இறங்கும்போது சைக்கிள் வேகத்துக்கும் ஓட்ட வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், ஆனால் 64 வயது எலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியும். சில கேனோபிகளில் பயணி பிடித்து இழுக்கவும் தனியாக ஒரு ஜோடி பிடி உண்டு. நான் ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை இழுக்கிறவன், என் தோள்பட்டை அந்த ஜோடிப் பிடியைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்கிறது.

பெயரைவிட எனக்குப் பராமரிப்புதான் பெரிது. கயிறுகள் பெரும்பாலும் ஸ்பெக்ட்ரா என்ற இழையில் செய்தவை. இரும்பு மாதிரி வலு, ஆனால் சூடு பட்டால் சுருங்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நடுவே இறங்கி வருகிற துணிச்சதுரம் உரசி உரசிச் சூடாக்கும். ஓரத்துக் கயிறுகள் முதலில் சுருங்கும், கேனோபி ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். ட்ரோக்கின் உள்கயிறும் அப்படித்தான். அது சுருங்கினால் ட்ரோக் முழுசாகக் காற்றுப் பிடிக்காது. நாள்தோறும் குதிக்கிற இடத்தில் இதை ஒருவர் அளந்து எழுதி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேக்கிங் அறையை எட்டிப் பாருங்கள். கயிறு மாற்றிய தேதி, குதிப்பு எண்ணிக்கை, ரிசர்வ் மடித்த தேதி எல்லாம் ஒரு சீட்டிலோ நோட்டிலோ இருக்கும். கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிற இடம் நல்ல இடம். என் அனுபவத்தில் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

இனி அம்மாவின் உடம்பு. நான் சொல்ல நினைத்த விஷயமே இதுதான்.

பயணிக்குப் பாராசூட் கிடையாது. அவருக்கு இருப்பது ஒரு ஹார்னஸ், உடம்பில் மாட்டுகிற பட்டைக் கட்டு. தோளில் இரண்டு, இடுப்புப் பக்கம் இரண்டு, ஆக நான்கு கொக்கிகளில் அவர் என்னோடு இணைகிறார். அந்தக் கொக்கிகள் வண்டியையே தூக்கும், அறுந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஹார்னஸுக்குள் உடம்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், எழுபதைத் தாண்டிய, ஒல்லியான ஒரு பெரியவர் வந்தார். தரையில் நிற்கும்போது எல்லாப் பட்டைகளும் கச்சிதமாக இருந்தன. விமானத்தில் இருபது நிமிடம் முழங்காலை மடக்கி உட்கார்ந்ததில் தொடைப் பட்டைகள் முழங்கால் பக்கம் நழுவியிருந்தன. வாசலுக்குப் போகுமுன் நான் மறுபடி இறுக்கினேன், ஆனால் தோளை மட்டும். பாராசூட் திறந்தபோது அவருடைய உடம்பு நாற்காலியிலிருந்து வழுக்குகிற குழந்தை மாதிரி கீழே நழுவியது. என் இரண்டு காலையும் அவர் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பாராசூட்டை ஓட்டி இறங்கினேன். அவருக்கு அக்குளில் கன்றிப்போனதோடு சரி. எனக்குப் பல மாதம் தூக்கத்தில் அந்த வழுக்கல் வரும்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம். இடுப்புக்குப் பின்னால், தொடைப் பட்டைகளையும் முதுகுப் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி கூடுதலாக ஒரு பட்டை உண்டு. வயதானவர்கள், உடம்பை வளைக்கச் சிரமப்படுகிறவர்கள், இடுப்பு அகலத்துக்கும் தோள் அகலத்துக்கும் வித்தியாசம் அதிகமுள்ளவர்கள், இவர்களுக்கு அந்தப் பட்டை இல்லாமல் நான் விமானமேற மாட்டேன். பதிவு செய்யும்போதே "பின்பக்கப் பட்டை உள்ள ஹார்னஸ் வேண்டும், அம்மாவுக்கு 64 வயது" என்று சொல்லிவிடுங்கள். என்ன சொல்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும். புரியாவிட்டால் வேறு இடம் பாருங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்: மேலே போனதும் தொடைப் பட்டை எங்கே இருக்கிறது என்று அவரே தொட்டுப் பார்க்கட்டும். இடுப்பு மடிப்பில் இருக்க வேண்டும். நழுவியிருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பேசாமல் பொறுத்துக்கொள்வது நம்மூர் அம்மாக்களின் வழக்கம், அங்கே மட்டும் அது வேண்டாம். இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னால் நான் சிரிப்பேன். தளர்வாக இருக்கிறது என்று சொன்னால் உடனே குனிந்து பார்ப்பேன்.

அப்புறம் கால். அமெரிக்கப் பாராசூட் சங்கம் பல வருடமாகச் சொல்லிவரும் கணக்குப்படி சுமார் 5 லட்சம் டேண்டம் குதிப்புக்கு ஒரு பயணி இறக்கிறார். கணுக்கால் சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் அப்படி ஒரு கணக்கு யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஏனென்றால் அது அவ்வளவு அபூர்வம் இல்லை. நான் பார்த்த காயங்களில் முக்கால்வாசி கடைசி மூன்று நொடியில் வந்தவை. தரை நெருங்கும்போது பயணி காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும், நான் முதலில் தரையைத் தொட வேண்டும். தூக்காமல் "நின்று இறங்குகிறேன்" என்று கால் ஊன்றினால், இரண்டு பேருடைய எடையும் அந்தக் கணுக்காலில் வந்து விழும்.

ஆகவே வீட்டிலேயே ஒரு சோதனை. அம்மாவைக் கெட்டியான நாற்காலியில் உட்கார வையுங்கள். இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழே சுடிதார் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து முன்னால் நீட்டி, நாற்காலி மட்டத்துக்குத் தூக்கி, பத்து எண்ணும் வரை வைத்திருக்கட்டும். மூன்று தடவை. முடிந்தால் போகலாம். இடது முழங்கால் பாதியில் தொங்கினால், டிசம்பருக்குள் தினமும் பழகட்டும். அப்போதும் முடியவில்லை என்றால் தரையில் நின்று கையசைத்து வழியனுப்புகிற வேலை அவருக்கு. இறங்குவது உட்கார்ந்த வாக்கில் புல்லில் சறுக்கித்தான் என்று முன்பே சொல்லிவிடுங்கள், எழுந்து ஓடுகிற மாதிரி வீடியோவில் வருவதெல்லாம் இருபது வயதுக்காரர்களுக்கு. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி மூத்த புஷ், சக்கர நாற்காலியில் இருந்த காலத்தில், 2014-இல் தன் 90-ஆவது பிறந்தநாளன்று டேண்டமில் குதித்தார். வயது தடையில்லை என்பதற்கு எல்லோரும் அதைச் சொல்வார்கள். அவரை ஏற்றியது ராணுவ ஸ்கைடைவிங் குழுவில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களை நிறையப் பேரை ஏற்றியிருக்கிறேன். ஆனால் அதை நான் முடிவுசெய்ய முடியாது. ஊரிலேயே டாக்டரிடம் போய், "12,000 அடி உயரம், பாராசூட் திறக்கும்போது ஒரு குலுக்கு, புல்லில் சறுக்கல்" என்று மூன்றையும் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பு அடர்த்தி பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை இருந்தால் அதை மறைக்காதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்குக் குதிக்க வேண்டாம். விழும் வேகத்தில் காதில் அழுத்தம் மாறும், அடைத்த மூக்கோடு இறங்கினால் காது பிளக்கிற மாதிரி வலிக்கும். மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும். வெறும் வயிற்றில் வருகிறவர்கள்தான் பாராசூட்டில் தொங்கும்போது மயங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவராக இருந்தால் சனிக்கிழமைக்குப் பதிவு செய்யுங்கள்.

கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற பெரிய காகிள்ஸ் உண்டு, முன்கூட்டிக் கேளுங்கள். புடவை கூடாது. தாலிச் சங்கிலி இருந்தால் கழற்ற வேண்டியதில்லை, உள்ளே விட்டு மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடலாம். தொங்கும் கம்மல் வேண்டாம். நீளமான பின்னல் இருந்தால் சட்டைக்குள் விட்டு மேல் பொத்தான் போடச் சொல்லுங்கள். ஒரு பின்னல் ஒரு நிமிடம் என் முகத்தில் சாட்டை வீசிய அனுபவம் எனக்கு உண்டு.

உயரம்: 12,000 அடி போதும். ஏறக்குறைய 45 நொடி விழுவார். 15,000 என்றால் ஒரு நிமிடம். அந்தப் பதினைந்து நொடிக்காகக் கூடுதல் காசும், விமானத்தில் ஆக்சிஜனும், இன்னும் ஐந்தாறு டிகிரி குளிரும். இரண்டாவது முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை அம்மாவிடம் சொல்லுங்கள், ராட்டினத்தில் இறங்கும்போது வயிறு மேலே ஏறுமே, அது இதில் அநேகமாக இருக்காது. விமானத்தின் வேகத்தோடுதான் நாம் வெளியே போகிறோம், சும்மா நிற்கிற இடத்திலிருந்து விழுவது இல்லை. இருப்பது காற்றின் சத்தம்தான்.

வீடியோவில் எனக்குக் கொஞ்சம் பழமைவாதம். மணிக்கட்டில் கேமரா கட்டிக்கொண்டு ஓட்டுவது இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டது, நானும் செய்கிறேன். ஆனால் கையில் ஒரு பொருள் கூடினால் எதிலாவது மாட்டிக்கொள்ளும் இடமும் ஒன்று கூடுகிறது, கவனமும் பங்குபோகிறது. பதிவு மேசையில், "கேமராவோடு நிறைய அனுபவமுள்ள ஆளைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். காசு இருந்தால் தனியாகக் குதித்துப் படமெடுக்கும் ஆளை வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டுக் கேமராவில் அம்மாவின் மூக்குத் துவாரமும் ஆடுகிற கன்னமும்தான் பிரதானமாக வரும்.

டௌப்போவைப் பற்றி நீங்கள் தேடினால் 2015 ஜனவரி செய்தி கண்ணில் படும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஏறிக்கொண்டிருந்த விமானத்தின் இஞ்சின் சுமார் 2,000 அடியில் செயலிழந்தது. உள்ளே 13 பேர். ஆறு பயணிகள், ஆறு டேண்டம் மாஸ்டர்கள், ஒரு விமானி. 13 பேரும் குதித்துத் தப்பினார்கள், விமானம் ஏரியில் விழுந்தது. அந்த உயரத்தில் யோசிக்க நேரமே கிடையாது. இன்றைக்கும் ஏறும்போது முதல் சில நிமிடம் நான் பயணியிடம் அரட்டை அடிப்பதில்லை, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் சொல்வதில்லை. ஏரியில் விழுந்தால் என்ன என்பதும் வெறும் கற்பனை இல்லை. 2018 ஜனவரியில் குவீன்ஸ்டவுனில் வாகாடிப்பு ஏரிக்குள் இறங்கிய ஒரு ஜோடியில் பயணி கிடைக்கவே இல்லை. ஆகவே உயிர்காக்கும் மிதவைச் சட்டை உண்டா, எங்கே இருக்கும், எப்படி ஊதுவது என்று தரையிலேயே காட்டச் சொல்லுங்கள். 2010-இல் ஃபாக்ஸ் பனியாற்றுப் பக்கம் குதிப்பு விமானம் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2011 இறுதியிலிருந்து இந்தத் தொழிலுக்கு நியூசிலாந்தில் பகுதி 115 என்று தனி விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாத இடத்தில் காசு கட்டாதீர்கள்.

பதிவை அம்மா வந்த முதல் வாரத்திலேயே, காலை நேரத்துக்குப் போடுங்கள். டௌப்போவில் கோடைக்காலத்தில் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பும். ஊருக்குத் திரும்ப விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் வருகிறவர்கள்தான் "கொஞ்சம் காற்றுதானே, பரவாயில்லை" என்று கெஞ்சுவார்கள். இன்று வேண்டாம் என்று டேண்டம் மாஸ்டர் சொன்னால், ஏரிக்கரையில் போய் மீன் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வாருங்கள்.

டீச்சர், உங்கள் கேள்விக்கு: செருப்போடு விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். ஷூ கழன்று விழுந்த கதைகள் உண்டு, எல்லாம் லேஸ் கட்டாதவர்களுடையது. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இன்னும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு, இரட்டை முடிச்சுப் போட்டு, லேஸின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். விசிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.